ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

பாகூரில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டி, கல்யாணப் படங்களை அதற்கு மாற்றினேன். ஆயுத பூஜைக்கு அதையும் கழற்றிச் சந்தனம், குங்குமம் வைத்து மறுபடி மாட்டினேன்.

மறுநாள் டிஸ்க் தெரியவே இல்லை. மளிகைக்கடை பாத்திமா அக்கா ஒரு படம் கேட்டு எதிரில் காத்திருந்தார். இறந்துபோன அவர் கணவர் சிரிக்கும் ஒரே படம் அதில்தான் இருந்தது. ஒயரை மூன்று முறை மாற்றினேன். டிஸ்க் விற்றவனுக்குப் போன் போட்டுக் கண்டபடி திட்டினேன்.

அக்கா டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஒயரு சொருவுற எடத்துல சந்தனத்த அப்பி வெச்சிருக்க? தொடச்சி மாட்டுப்பா."

துடைத்து மாட்டினேன். படம் வந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விற்றவனுக்கு மறுபடி போன் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எது ஓடாவிட்டாலும் முதலில் என் கையைத்தான் பார்க்கிறேன்.