என் மனைவி தூங்கிய கச்சேரி

கல்யாணமான புதிதில் என் மனைவி கதவைப் பார்த்தபடிதான் படுப்பாள். கண் அசந்தாலும் சின்னச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். சுனாமியில் அவளுடைய அம்மா போய்விட்டார். போர்ட் பிளேரில் தகரக் கொட்டகை முகாமில் இருந்தவளை மணந்து, ஃபீனிக்ஸ் பே பக்கம் வீடு எடுத்தேன். கட்சாலைப் பற்றி அவள் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் குமாஸ்தா. பள்ளி நாட்களில் மாதா கோயிலில் வயலின் கற்றிருந்தேன். ஒரு வருடம் ஹைதராபாத்திலிருந்து இசையமைக்கும் அம்மா ஒருவர் வந்து சில மாதம் தங்கினார். இங்குள்ள பள்ளிவாசல் ஒன்றின் ஜன்னல்களில் இருந்த பின்னல் வேலைப்பாட்டைப் பார்த்து, நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இசை எழுதினார். உள்ளூரில் வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடியபோது நானும் அகப்பட்டேன். எனக்கு இரண்டாவது வயலின். எட்டே சுரங்கள்தான். ஆனால் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் தள்ளித் தொடங்க வேண்டும். மற்ற மூவரும் அதன்மேல் கொடி போலப் பின்னிக்கொண்டு போவார்கள். எனக்குத் தப்பிக்கொண்டே இருந்தது.

ஜன்னலை நேரில் பார்த்தால் பிடிபடும் என்று அவர் இந்தியில் சொல்லி, ஒரு மாலை அழைத்துப் போனார். மனைவியும் கூட வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. நட்சத்திரத் துளைகள் வழியே வெளிச்சம் வராந்தா தரையில் விழுந்து கிடந்தது. அவள் அதற்குள் கையை நீட்டி அசையாமல் நின்றாள்.

"கட்சால்ல ரப்பர் மரம் இப்படித்தாங்க," என்றாள். "எங்க நின்னு பார்த்தாலும் ஒரு லைன் தெரியும். அந்த லைனப் பிடிச்சுத்தான் மேட்டுக்கு ஓடினேன். அம்மாவுக்குத்தான் ஓட ஏலல."

என்ன சொன்னாள் என்று ஹைதராபாத் அம்மா கேட்டார். நான் இந்தியில் சொன்னேன். அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் மங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும், உங்கள் பங்கை வாசித்துக் காட்டுங்கள் என்றாள் மனைவி. அவள் மீன் கழுவிக்கொண்டிருக்க, நான் சமையற்கட்டு வாசலில் நின்று வாசித்தேன். எண்ணுவதை விட்டுவிட்டு, மரங்களுக்கு நடுவே நடப்பதாக நினைத்துக்கொண்டேன். அன்று தப்பவில்லை. பிறகு தினமும் வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்ததும் தோட்டத்தைப் பற்றி, அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள்.

கச்சேரி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பாதி வாசிக்கும்போது பார்த்தேன், முன்வரிசையின் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிவிட்டிருந்தாள். கைதட்டலுக்கும் விழிக்கவில்லை.

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. ஹைதராபாத் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் துப்பட்டாவை எடுத்து அவள்மேல் போர்த்தினார்.

"சோனே தோ," என்றார் மெதுவாக. தூங்கட்டும், விடு.

மற்ற நாற்காலிகளை அடுக்கிவிட்டு, ஹாலைப் பூட்ட வேண்டியவரும் எங்களோடு உட்கார்ந்து காத்திருந்தார். அவள் கண் விழித்தபோது மற்ற எல்லோரும் போயிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுது."

"நல்லா இருந்திச்சுங்க," என்றாள்.