எங்கே வெட்டினாலும்

தொண்ணூறுகளின் கடைசி. வடசென்னையில் கல்மண்டபத்திலிருந்து பஸ் ஏறிப் போய் எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சாதாரண புரோகிராமை, கணித விதிகளின்படி படிப்படியாக மாற்றி, நாலு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் பங்கிட்டுச் செய்யும்படி ஆக்குவதுதான் என் ப்ராஜெக்ட். துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? ஒரு லைப்ரரி சாஃப்ட்வேர் பண்ணிட்டுப் போயேன்."

இரண்டாவது ரிவ்யூவில் சொதப்பினால் தலைப்பை மாற்றிவிடுவதாகவும் சொன்னார். மாற்றித்தான் பார்க்கட்டுமே என்று கறுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பாவுக்கு ராயபுரம் யார்டில் கூட்ஸ் வண்டிகளைச் சோதிக்கும் வேலை. அதனால் உதாரணத்துக்கும் கூட்ஸையே எடுத்தேன். அடுத்தடுத்து அதிகபட்சம் எத்தனை பெட்டிகள் காலியாக நிற்கின்றன என்று புரோகிராம் சொல்ல வேண்டும். வண்டியை நாலு துண்டாக்கி, கம்ப்யூட்டருக்கு ஒன்றாகக் கொடுத்து, வந்த விடைகளில் பெரியதை எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டாவது ரிவ்யூவில் தலைவர் தானே ஒரு வரிசை எழுதிக் கொடுத்தார். சேர்ந்தாற்போல் ஐந்து காலிப் பெட்டிகள். என் வெட்டு சரியாக அவற்றின் நடுவில் விழுந்தது. திரையில் மூன்று என்று வந்தது. அறையே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என் மேலேயே. யார்டில் இரண்டு பேர் இரு முனையிலிருந்தும் சோதித்துக்கொண்டே வருவார்கள். நடுவில் சந்தித்ததும் முதல் பேச்சே, "உன் பக்கம் கடைசீல எத்தினி காலியா கீது?" என்பதுதான். அப்பா வாயால் இதைக் கேட்டே வளர்ந்துவிட்டு, கோட்டை விட்டிருந்தேன்.

சாக்பீஸை எடுத்தேன். ஒவ்வொரு துண்டும் தன் விடையோடு நிற்கக் கூடாது. தலையில் எத்தனை காலி, வாலில் எத்தனை காலி, மொத்தம் எத்தனை பெட்டி என்பதையும் கொண்டுவர வேண்டும். ஒன்றின் வாலையும் அடுத்ததன் தலையையும் கூட்டினால் அறுந்த வரிசை ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த துண்டுகளில் எந்த ஜோடியை முதலில் ஒட்டினாலும் முடிவு மாறாது என்பதையும் நிரூபித்தேன். வேகத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எங்க வேணா வெட்டிக்கோ சார், ஒட்டிகினு வந்துடும்."

"முதல்ல தமிழை ஒழுங்கா பேசு."

"முதல்ல வெட்டு சார்."

அவர் பலகையில் அந்த வரிசையை எழுதி, வெட்டும் இடத்தை மாற்றி மாற்றிக் கோடு போட்டார். ஒவ்வொரு முறையும் ஐந்துதான் வந்தது.

"வெளியாளுங்க முன்னால இப்படிப் பேசினா டிபார்ட்மென்ட் மானம் போயிடும்" என்றார்.

"விடை சரியா கீதா சார்?" வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன்.

பலகையை இன்னொரு தடவை பார்த்தார். "சரிதான்."

"அப்ப ரிவ்யூ ஷீட்ல கையெழுத்து போடு சார்."

போட்டார்.