ஒரு பிளேடு கனம்

எங்கள் மாமா தண்ணீர் மேல் நின்று காட்டப் போகிறார் என்பது ஓடைப்பட்டியில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான்.

அம்மாவின் தம்பி அவர். குமுளியைத் தாண்டி ஓர் ஏரியில் படகு விடும் மலையாளி முதலாளியிடம் எஞ்சின் வேலை பார்த்தார். காலில் நீளப் பலகையை மாட்டிக்கொண்டு, படகு இழுக்கத் தண்ணீரில் சறுக்கிப் போகிற விளையாட்டை அங்கே புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நின்று காட்டினால் அந்தச் சறுக்கு வேலை அவருக்கே நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால் சின்னமனூரில் பார்த்து வைத்திருந்த பெண்ணும் நிச்சயம்.

ஆனால் பழகிப் பார்த்தபோதெல்லாம் மாமா விழுந்தார். குற்றம் பலகையினுடையது என்றார். நாங்கள் நம்பவேண்டும் என்பதற்காகப் பலகையையே பஸ் கூரையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் அடியில், வால் பக்கமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு இருந்தது. பலகையை நேராக ஓட வைப்பது அதுதானாம்.

"இந்தத் தகடு மயிரிழை கீழ இறங்கணும்க்கா. எறக்குனா நான் நின்னுருவேன். வெளிநாட்டுத் திருகு, அதுக்குச் சாவி நம்ம பக்கம் கெடையாது" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண். ஆனாலும் அந்தக் 'கெடையாது' எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கடைக்கு நடந்தேன்.

"ஏ ஆத்தா, யாரு வீட்டுக் கதவக் கழட்டிட்டு வர்றே?" என்றார் மெக்கானிக் அண்ணன். நான் திருகைக் காட்டினேன். ஆறு மூலைக் குழி. அவர் இரண்டு சாவிகளைப் போட்டுப் பார்த்தார். ஒன்று நுழையவில்லை, மற்றொன்று சும்மா சுற்றியது.

"இது இஞ்சுக் கணக்கு. நம்மகிட்ட இருக்கது எல்லாம் மில்லிமீட்டரு. மதுரைல பெட்டியாத்தான் குடுப்பாக. அந்த வெலைக்கு ஒரு ஆட்டுக்குட்டியே வாங்கிப்புடலாம்."

நான் நகரவில்லை. நுழையாத சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தேச்சா?" என்று கேட்டேன். அன்று அந்தக் கடையில் நான் பேசிய ஒரே சொல் அது.

அவர் சிரித்துக்கொண்டே அதே அளவில் வளைந்துபோன பழைய சாவி ஒன்றைக் கொடுத்தார். ஆறு பக்கமும் சமமாகத் தேய வேண்டும் என்றார். தகட்டை எவ்வளவு இறக்குகிறோம் என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், சவர பிளேடு ஒன்றை இடுக்கில் வைத்து அந்தக் கனத்துக்கு இறக்கினால் போதும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

திராட்சைத் தோட்டத்துக் கவாத்துக் கத்தரி தீட்டும் கல்லை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஐம்பது இழுப்பு, பிறகு அடுத்த பக்கம். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. விரல் நுனியில் தோல் உரிந்தது, துணி சுற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் சாவி குழிக்குள் இறங்கி, திருகு கிர்ரென்று அசைந்தது. மாமாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வழுக்கும் ஆத்தா."

"வழுக்காது மாமா."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கூடப் போனோம். கரையில் உட்கார்ந்து நானே திருகைத் தளர்த்தி, பிளேடு வைத்துத் தகட்டை இறக்கி, மறுபடி முடுக்கினேன். முதலாளி குனிந்து பார்த்தார்.

"மோளே, நீயா செஞ்சது? கொள்ளாமே!" என்று மெச்சியவர், மாமா பக்கம் திரும்பி, "எந்தா, இனி பலகையில என்ன குத்தம்?" என்று கேட்டார்.

மாமா மிதவைச் சட்டையின் வாரை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்துக் கட்டினார். பிறகு தண்ணீரில் இறங்கினார். படகு இழுத்தது. பாதி எழுந்ததும் கயிற்றை விட்டுவிட்டார். தகட்டை இன்னொரு பிளேடு கனம் இறக்கினேன். மறுபடியும் கயிறு மட்டும் படகோடு போனது. ஒரு பிளேடு கனம் ஏற்றினேன். அப்போதும் அப்படியே. நான்காம் தடவை அவர் பலகையை மாட்டவே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, விடு. நீ எஞ்சினே பாரு" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். அம்மா அவர் முதுகையே பார்த்தபடி வந்தாள். லோயர்கேம்ப் இறக்கத்தில் என் துணி சுற்றிய விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் சாவி சேராமலே போயிருந்தா என்னடி?" என்றாள், மெதுவாக.

ஐந்து நாள் உழைப்பை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். கம்பம் வந்து சேரும்வரை அவளோடு பேசவில்லை. தகட்டை இன்னும் எந்தப் பக்கம் நகர்த்தினால் மாமா நிற்பார் என்பதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.