கார்டியன் மரியபுஷ்பம்

பெட்டியைப் பூட்டி, கயிறு போட்டுக் கட்டி, மேலே பெயரும் எழுதி முடித்த பிறகுதான் மரியபுஷ்பம் டீச்சர் அதை மறுபடி அவிழ்ப்பார். உள்ளே வைத்தது உள்ளேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கும். திரும்பக் கட்டுவார். பிறகு ஆட்டோவில் ஏற்றித் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் அஹமது கபீரின் உரக்கடைக்குக் கொண்டுபோவார். யூரியா மூட்டை நிறுக்கும் தராசில் பெட்டி ஏறும். விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்கள். முள் ஒரு மயிரிழை தாண்டினாலும் அங்கேயே பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் மல்லித்தூளை எடுத்துக் கபீரிடம் கொடுத்துவிடுவார். பதினோரு வருஷமாக ஜனவரி முதல் வாரத்தில் கபீர் வீட்டுக் குழம்பு டீச்சர் புண்ணியத்தில்தான் மணக்கிறது.

மாலத்தீவில், கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு தீவில், கணக்கு டீச்சர். வயது நாற்பத்திரண்டு. "கல்யாணம் ஆகலையா?" என்று யாராவது கேட்டால், "ஆகலைன்னு சொல்லாதீங்க, பண்ணிக்கலை. ரெண்டும் வேற வேற" என்று திருத்துவார். எந்தக் காகிதமானாலும் மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கி, தனித்தனிக் கோப்பில் வைப்பார். கேட்டால் ஒரே பதில்: "சந்தேகத்துக்கு எடம் வைக்கக் கூடாது."

2003 ஜனவரியில் பெட்டியோடு ஒரு பெண் குழந்தையும் உரக்கடைக்கு வந்தது. பெயர் கவிப்ரியா. நாலு வயது. டீச்சர் வீட்டுக்கு வந்து பதினேழு நாள். பெட்டியை இறக்கியதும் கபீர் குழந்தையைத் தூக்கித் தராசில் நிற்க வைத்தார்.

"பதினொன்றரை. ஏன் டீச்சர், கைப்பைக்கு ஏழு கிலோதான் விடுவாங்கன்னு சொல்வீங்களே?"

டீச்சர் சிரிக்கவில்லை. "இந்த வயசுக்குப் பதினஞ்சு இருக்கணும் பாய். மூணரை கொறையுது" என்றார். அந்தத் தராசின் முன்னால் எடை குறைந்ததற்காக அவர் முகம் வாடியது அதுதான் முதல் தடவை.

குழந்தை கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்திலிருந்து வந்தவள். விண்ணப்பம் போட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. தஞ்சாவூர்க் கோர்ட்டில் ஆர்டர் வந்த அன்று டீச்சர் அதை மூன்று தடவை படித்துவிட்டு வக்கீலைப் பார்த்தார்.

"இதுல கார்டியன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க டீச்சர். கிறிஸ்தவங்களுக்குத் தத்துச் சட்டம் கெடையாது. கார்டியன்னுதான் வரும்."

"அப்ப அம்மான்னு?"

"அது ஆர்டர்ல வராதுங்க."

டீச்சர் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்த ஆர்டரை மூன்று நகல் எடுத்தார்.

அண்ணன் சவரிராஜ் அப்போது சம்பா வயலில் இருந்தார். தங்கை பங்கு நிலத்தையும் சேர்த்து அவர்தான் உழுதுவருகிறார். நாளைக்கு அதுவும் தன் பையன்களுக்குத்தான் என்று யாரும் சொல்லாமலே நம்பியிருந்தவர். வரப்பில் நின்றபடி ஆர்டரை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வயல்காரரிடம் சொன்னார்: "சிட்டாவுல ஒரு பேரு மாத்தணும்னா தாலுக்காபீசுக்கு நாம ஆறு மாசம் நடக்குறோம். இவ ஒரு புள்ளையவே தன் பேருக்கு மாத்திக்கிட்டு வந்துட்டா பாருங்க." சொன்னவர்தான் அவர்கள் கிளம்பும் நாளில் குழந்தைக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய அவல் கொண்டுவந்து கொடுத்தார். அதற்காகப் பெட்டியை இன்னொரு தடவை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

டீச்சரின் கவலை வேறு. விமான நிலையத்தில் குழந்தையிடம் ஏதாவது கேட்டுவிட்டால்? பாடம் ஆரம்பமானது. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்.

"உன் பேரு என்ன?"

"கவிப்ரியா."

"எந்த ஊருக்குப் போற?"

"மாலத்தீவு."

டீச்சர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். "இவங்க யாரு?"

"டீச்சர்."

அவள்மீது தப்பில்லை. இல்லத்தில் அப்படித்தான் அறிமுகம். ஊரில் பால்காரரிலிருந்து பங்குச் சாமியார் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"அம்மான்னு சொல்லு."

"அம்மான்னு சொல்லு" என்று குழந்தை அப்படியே திருப்பிச் சொல்லும். மறுபடி நெஞ்சைத் தொட்டால், "டீச்சர்." இயற்கணிதத்தில் எத்தனையோ மக்குகளைத் தேற்றியவர், இந்த ஒரே கேள்விப் பரீட்சையில் தோற்றுக்கொண்டே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

பயந்தபடியே நடந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தையுடையதில் அப்பா பெயர் இல்லை. 'கார்டியன்' இருந்தது. எட்டிப் பார்த்துக் குழந்தையிடம் கேட்டார்: "இவங்க யாரு மோளே?"

"டீச்சர்."

முத்திரை பாதி வழியில் நின்றது. இருவரையும் உள்ளே ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே நரைத்த தலையோடு ஒரு பெண் அதிகாரி. டீச்சர் மூன்று கோப்புகளையும் மேஜைமேல் அடுக்கினார். இத்தனை வருஷமாக மூன்று மூன்றாக நகல் எடுத்து வைத்தது இப்படி ஒரு நேரத்துக்காகத்தான். ஒலிபெருக்கியில் விமானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் கோப்பைத் தொடக்கூட இல்லை. குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"யாரு உனக்குச் சோறு தருவாங்க?"

"டீச்சர்."

"ராத்திரி யாரு கூடப் படுப்பே?"

"டீச்சர் கூட."

"நீ சாப்பிடலைன்னா டீச்சர் அடிப்பாங்களா?"

கவிப்ரியா கொஞ்சம் யோசித்தாள். "அடிக்காது. சமையக்கட்டுல போயி அழும்."

டீச்சர் சட்டென்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று கோப்பில் எதிலும் இல்லாத தகவல் அது. அத்தாட்சிக் கையெழுத்தும் கிடையாது. காது மடல் சிவந்துவிட்டது.

அதிகாரி தானே முத்திரையை எடுத்து இரண்டு பாஸ்போர்ட்டிலும் குத்தினார். "ஓடுங்கோ, ஃப்ளைட் போயிடும்" என்றார். டீச்சர் ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கோப்புகள் மேஜையிலேயே தங்கிவிட்டன. கடல் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

தீவுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லா ஆசிரியைகளையும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தத் தீவில் மரியபுஷ்பத்தை 'டீச்சர்' என்று கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறது. காலையும் சாயங்காலமும் நடந்த பத்து நிமிஷப் பாடத்தை டீச்சர் நிறுத்திவிட்டார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் ஒரு நீளமான கணக்கு. கரும்பலகையில் நாலு வரி இறங்கி, விடை எழுத வேண்டிய இடத்தில் சமக்குறி போட்டாகிவிட்டது. வெளியே மழலையர் வகுப்பு விட்டிருந்தது. "மிஸ், மிஸ்" என்று தாழ்வாரமெல்லாம் ஒரே கூச்சல். டீச்சர் திரும்பவே இல்லை. அதற்குள் எங்கிருந்தோ, கீழே விழுந்த அழுகையோடு, "டீச்சர்!" என்று ஒரு குரல்.

சமக்குறிக்குப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கையிலிருந்த சாக்பீஸை முன்வரிசைப் பையனிடம் கொடுத்துவிட்டு, அவர் வெளியே போனார்.