தண்ணீர்த் தொட்டியில் வெனிசுவேலா மீன்

எழுபதுகளின் கடைசியில் மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே ஒரு சின்ன ஸ்டேசனில் நான் டிக்கற் கிளாக்கராக இருந்தேன். எனக்கு மேலே ஸ்டேசன் மாஸ்ரர், கீழே ஒரு போட்டர். மாஸ்ரர் மச்சம் மாமிசம் தொடாதவர். முட்டை போட்ட கேக்கைக்கூட மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார்.

ஒருநாள் காலை வெளிநாட்டு நூதனசாலை ஒன்றிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் என்னை வாசிக்கச் சொன்னார். அவர்களிடம் வெனிசுவேலாவின் நன்னீர் மீன் ஒன்றின் ஆறு மாதிரிகள் ஸ்பிரிட் போத்தலில் இருக்கின்றனவாம். பதிவேட்டில் 'பிடித்த இடம்' என்ற கட்டத்தில் எங்கள் ஸ்டேசனின் பெயரும் 'குடிதண்ணீர்த் தொட்டி' என்றும் எழுதியிருக்கிறதாம். இது எழுத்துப் பிழையா என்று கேட்டிருந்தார்கள்.

"பிழைதான்," என்றார் மாஸ்ரர், தேத்தண்ணியை உறிஞ்சியபடி. "எங்கட லைனிலை வெனிசுவேலா எண்டு ஒரு ஸ்டேசனே இல்லை."

வாசலில் நின்ற போட்டர், "மீன் இருக்குத்தான் ஐயா," என்றார். ஓடிப்போய்த் தொட்டியில் ஒரு பேணி தண்ணீர் அள்ளிவந்தார். உள்ளே விரல்நுனி அளவில் மூன்று மீன்கள். ஒன்றின் வால் மட்டும் கூறைச்சேலை போல் மினுங்கியது.

"நுளம்புக் குடம்பி தின்னட்டும் எண்டு மலேரியா ஒழிப்புக்காரர் கொண்டுவந்து விட்ட வெளிநாட்டு மீன். குட்டி போட்டுப் பெருகீட்டுது."

மாஸ்ரர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் என்னத்தைக் குடிச்சனான்?"

"தேத்தண்ணிதான் ஐயா. நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே தாறனான்."

"மீனைக் கொதிக்க வைச்சால் அது குழம்பெல்லோ!"

"இல்லை ஐயா, பாத்துத்தான் கேத்திலுக்கை ஊத்திறனான். பெரிசெல்லாத்தையும் எடுத்துப்போடுவன்."

"பெரிசெல்லாத்தையுமோ?"

மாஸ்ரர் கோப்பையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகுதான் மாஸ்ரருக்கு நினைவு வந்தது. முந்திய வருடம் றெயில் நின்ற இடைவெளியில் ஒரு வெள்ளைக்காரர் முகம் கழுவ இறங்கி, நெடுநேரம் தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டு நின்றாராம்.

"ஐசே," என்று என் பக்கம் திரும்பினார், "பக்கத்துக் குளத்திலை பிடிச்சது எண்டு பதில் எழுதும்."

"குளம் மூண்டு மைல் தள்ளியெல்லோ, சேர். நூதனசாலைப் பதிவிலை பொய் எழுதேலாது."

அரைமணி நேரம் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். தொட்டி உண்மை என்று எழுதினேன். கீழே, ஸ்டேசன் மாஸ்ரர் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று அவர் சொன்னபடியே ஒரு வரி சேர்த்தேன். அன்று மத்தியானத்திலிருந்து அதுவும் உண்மைதான். முன்கடைச் சோடாவில்தான் அவர் காலம் தள்ளினார்.

இரண்டு மாதத்தில் நன்றிக் கடிதம் வந்தது. திருத்திய பதிவு அட்டையின் பிரதி ஒன்றும் கூட இருந்தது. மீனின் பெயர், நீளம், பால், பிடித்த இடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் 'குறிப்பு' என்ற கட்டத்தில், ஸ்டேசன் மாஸ்ரர் இந்நீரை அருந்துவதில்லை என்று அழகாகத் தட்டச்சிட்டிருந்தார்கள்.

இந்த முறை கண்ணாடி போட்டு அவரே வாசித்தார். "இதை அழிக்கச் சொல்லேலாதோ?"

"பதிவெண்டால் பதிவுதான், சேர்."

பாவமாக இருந்தது. இருந்தாலும் அடக்க முடியாமல் லாம்பு அறைக்குள் போய்ச் சிரிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். போட்டர் எனக்கு முதலே அங்கே குந்தியிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.