காய்ந்திருந்த நான்கு தட்டுகள்

துலுக்காணம் திங்கட்கிழமை விடியற்காலையில் நெஞ்சுவலியால் இறந்துபோனார். கடை திறக்கும் முன்பே அவருடைய மனைவியின் தம்பி சைக்கிளில் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னார். சொன்ன கையோடு ஒரு சாவியை நீட்டினார். "மாமா சட்டைப் பையில இருந்திச்சு பாய். உங்க ஷெட்டுல நிக்கிற வேனோட சாவியாம்."

துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. முந்தின நாள் மாலை அவர் ஆயில் ஸ்பிரே அடிக்கத் தொடங்கிய வேன் அது. முடித்தாரா, பாதியில் வலி கண்டு கிளம்பிவிட்டாரா, யாருக்கும் தெரியாது. வேன்காரரோ எட்டு மணிக்கு வந்து நிற்பார். அந்தச் சாவியை ஏன் என்னால் சட்டென்று கொடுக்க முடியவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். உத்திரமேரூரில் வண்டி வைத்திருப்பவர்கள், ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். அவரைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருக்கும் ஒரு விஷயம் மட்டும் பொய்.

நான் வாட்டர் சர்வீஸ் வைத்தபோது, வண்டியைக் கழுவியபின் அடிப்பாகத்துக்கு ஆயில் தடவுவதும் டயர், ரப்பர் எல்லாவற்றுக்கும் கறுப்பு மெருகு ஏற்றுவதும் துணியால்தான் நடந்தது. ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும். கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வாங்கினேன். பழைய ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி அடித்தால் பத்து நிமிடத்தில் வேலை தீர்ந்தது. சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த துலுக்காணத்தை அதற்காகத்தான் கூப்பிட்டேன். அவர் வந்த முதல் வாரமே அந்தப் பத்து நிமிடத்தை அரை மணி ஆக்கிவிட்டார்.

டீசல் பேரல் மூடியில் நான்கு வட்டத் தட்டுகள் வெட்டிக்கொண்டார். சக்கர அச்சு நுழைய ஒரு பக்கம் பிளவு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கமாக ஒன்றைச் செருகி, ஆயில் படாதபடி பிரேக் டிரம்மை மூடிய பிறகே கன்னை எடுப்பார். டயருக்கும் கால் பெடலுக்கும் கன் கிடையாது. டயரின் பக்கவாட்டுக்கு மட்டும் துணி. பெடலுக்கு அதுவும் இல்லை. முடிந்ததும் வண்டியை ஷெட்டுக்குள்ளேயே நாலு அடி ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். டிரைவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"துணின்னா எங்க நிக்கணும்னு வெரலுக்குத் தெரியும் பாய். இது காத்து. அதுக்கு இன்னா தெரியும்?" என்பார்.

ஒரு தை மாதம். சொந்தக்காரர் வீட்டுக் காரியத்துக்காக அவர் ஓரிக்கைக்குப் போயிருந்த நாள். ஏழுமலை தன் அம்பாசிடர் டாக்சியைக் கொண்டுவந்தான். கல்யாணப் பெண்ணை அழைத்துக்கொண்டு அன்று மாலையே சாலவாக்கம் போக வேண்டும், கறுப்பெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனான். துலுக்காணம் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். வந்த வண்டியை அனுப்ப எந்த வியாபாரிக்கு மனசு வரும்? நானே கன்னை எடுத்தேன். ஸ்பிரிங், சக்கரம், டயர், பெடல், எதையும் விடவில்லை. கால் மணி நேரத்தில் வண்டி மினுமினுத்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்று மணி பஸ்ஸில் துலுக்காணம் வந்து இறங்கினார். ஈரத் தரையைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த தட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பாய், தட்டெல்லாம் காஞ்சி கீது?"

"அவசரம். நானே அடிச்சுக் கொடுத்துட்டேன்."

"பெடலுக்கும் அட்ச்சியா?"

"பளபளன்னு இருக்கட்டும்னு..."

"பளபளங்கறதுக்கு அது இன்னா பொண்ணு மூஞ்சா? எங்க பூட்ச்சி வண்டி?"

"சாலவாக்கம். பெண்ணும் ஜனங்களும் ஏறி இப்பத்தான் நம்ம கடை வழியாப் போச்சு."

அவர் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாலவாக்கம் போகிற ரோடு ஏரிக்கரை மேல் போகிறது. தை மாதம், ஏரி கரை தட்ட நிற்கும். வண்டிக்குள் பெண், அவள் அம்மா, அப்பா, இரண்டு குழந்தைகள், ஏழுமலை. அந்த ஆறு பேரும் நம்பிப் போகிற பிரேக்கில் நான் ஆயில் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். வழியில் ஓரிடத்தில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். விபத்தோ என்று வேகத்தைக் குறைத்தேன். "நெல்லு மூட்ட ஏத்தறாங்க, நீ போ" என்று முதுகில் தட்டினார்.

கரை ஏறியதும் பூ கட்டிய வண்டி தெரிந்தது. அதற்கு அப்பால் எருமைகள் கரையை அடைத்துக்கொண்டு எதிரே வந்தன. வண்டி நிற்கிற மாதிரி தெரியவில்லை. மெல்லத் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கியது. நான் ஸ்கூட்டரை வண்டிக்குப் பக்கமாக ஒட்டி விட்டேன். துலுக்காணம் ஜன்னலுக்குக் குனிந்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஏழுமல, பிரேக்க நம்பாத. கியர எறக்கு. இன்னும் ஒண்ணு எறக்கு. இப்ப சாவிய ஆஃப் பண்ணு."

வண்டி இருமி, குலுங்கி, முதல் எருமைக்கு ஐந்தடி முன்னால் நின்றது. இடது சக்கரத்துக்குக் கீழே கரை மண் சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

"மூணு வாட்டி வழுக்கிச்சுண்ணா," என்றான் ஏழுமலை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "கால் ஈரம்னு நென்ச்சிக்கினு இருந்தேன்."

துலுக்காணம் அங்கேயே சக்கரங்களைக் கழற்றினார். என் ஸ்கூட்டர் பெட்ரோலை எடுத்து பிரேக் கட்டைகளைக் கழுவினார். பெடலை மண் போட்டுத் தேய்த்தார். பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "இந்த வேலய எவன் பாத்தது?"

நான் கழற்றிய சக்கரத்தை உருட்டி ஓரமாகச் சாத்தினேன். துலுக்காணம் தலை நிமிராமலே சொன்னார்: "நாந்தான் நைனா. அவசரத்துல உட்டுட்டேன்."

அவர் துலுக்காணத்தைக் கன்னத்தில் அறைந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து ஊரில் சிலர், "கல்யாண வண்டியக் கவுக்கப் பாத்தவன்தானே" என்று அவரைச் சொல்வதுண்டு. என் காதிலும் விழும். ஒருநாள்கூட நான் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். அது நான் செய்த வேலை.

திரும்பும்போது, "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"என்ன அட்ச்சா கன்னம்தான் வீங்கும். நீன்னு தெரிஞ்சா கடைய இல்ல மூடிடுவாங்க? அப்பால நான் எங்க போயி வேல தேடறது?" என்றார். சிறிது தூரம் போன பிறகு, "சும்மா இல்ல பாய். இதுக்குப் பேச்சு ஒண்ணு கீது, ஷெட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை, சாவியை மடியில் முடிந்துகொண்டு ஷெட்டைத் திறந்தேன். முதலில் ஆணியைத்தான் பார்த்தேன். நான்கு தட்டும் மாட்டியிருந்தன; நான்கிலும் ஆயில் பிசுபிசுத்தது. வலியோடு முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆனாலும் வேனை நாலு அடி ஓட்டி, இரண்டு முறை மிதித்துப் பார்த்தேன். நின்றது. வேன்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அவர் வீட்டுக்கு நடந்தேன்.

கன், கம்ப்ரஸர் எல்லாம் நாளைக்கே வேறு வாங்கலாம். அந்த நான்கு தட்டுகள் என்னிடம் இருக்கும். அந்தப் பயமும் இருக்கும். அதுவும் அவர் கற்றுக் கொடுத்ததுதான். அடுத்த வாரம் புது ஆள் வருகிறார். ஏரிக்கரையிலிருந்து திரும்பிய அன்று மாலை துலுக்காணம் ஷெட்டில் பேசி முடித்த பேச்சையே அவரிடமும் பேசியிருக்கிறேன். கூலி மட்டும் அப்போது ஐந்து, இப்போது பத்து. வண்டிக்குப் பத்து ரூபாய். தட்டு மாட்டாமல் அடித்தால் அது கிடையாது. மிதித்துப் பார்த்த பிறகு சாவி அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் முதலாளி கன்னைத் தொடக்கூடாது.