காலுக்குத் தேய்த்த மீனெண்ணெய்

மூன்று வயதில் என் கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. முழங்கால்களுக்கு நடுவே வீட்டுப் பூனை உரசாமல் புகுந்து போகும். வாத்து நடை என்று தெருவே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மாவுக்கு மட்டும் நான் பேரழகி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

பாகூர் கடைத்தெருவில் அத்தாவுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, பகலிலும் விளக்கு கேட்கும் வீடு. அம்மா வாசலைத் தாண்டுவதே அபூர்வம். தாண்டினால் வெள்ளைத் துப்பட்டிக்குள் கண் மட்டும்தான் தெரியும். வெயில் பட்டால் கறுத்துவிடுவேன், ஊர்க் கண் பட்டுவிடும் என்று என்னையும் உள்ளேயே வளர்த்தாள். கடையில் கேழ்வரகு மூட்டையாகக் கிடந்தும் எனக்கு அரிசிச் சோறுதான். கேழ்வரகு தின்றாலும் கறுத்துவிடுமாம். இந்த நிறப் பைத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அத்தா என்னைப் பஸ்ஸில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். மணிக்கட்டை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா ரிக்கெட்ஸ் என்றார். சுண்ணாம்புச் சத்து இல்லை, வெயில் இல்லை. மருந்தில் சரியாகாவிட்டால் பின்னால் எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும்.

கடை திறக்கும் அவசரத்தில் அத்தா மருந்துப் பையை அம்மாவிடம் நீட்டினார். "மாத்திரைய நுணுக்கி மோர்ல குடு. இது மீனெண்ணெய், காலு நேராவறதுக்கு. ரெண்டு வேளையும்." வெட்டுவதைப் பற்றியும் சொன்னார். வெயிலைச் சொல்ல மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கால் வளைந்தால் எண்ணெய் போட்டு நீவுவதுதான் வழக்கம். பிறந்ததிலிருந்து என் காலை நீவி நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மா. கத்திக்குப் பயந்து அந்த மீனெண்ணெயையும் சொட்டு வீணாகாமல் தேய்த்தாள். காற்று பட்டால் ஆகாதென்று கதவையும் சாத்திக்கொண்டாள். தெருப் பூனைகளெல்லாம் எனக்கு உறவாகிவிட்டன. மணப்பட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா, என் கூடையவிட உன் புள்ளதான் வாசமா கீது."

அடுத்த முறை அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புதுப் படத்திலும் எலும்பு தேறவில்லை. டாக்டரம்மா என்னை மோந்து பார்த்தார்.

"எண்ணெயெல்லாம் எங்கம்மா போகுது?"

"காலுக்குத்தாம்மா. நல்லா அழுத்தித் தேய்க்கிறேன்."

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவின் வெளுத்த கையைப் பிடித்துப் பார்த்தார். "அது வாய்க்குள்ள போவணும். வெயிலு உடம்புல படணும். நீங்களும் நில்லுங்க, உங்க எலும்புக்கும் வேணும்." துப்பட்டி தலையாட்டியது.

அதற்கப்புறம் வந்த காலம் என் வாழ்வின் பொற்காலம். மூக்கைப் பிடித்து ஒரு ஸ்பூன் எண்ணெய், பின்னாலேயே வெல்லக்கட்டி, கேழ்வரகுக் கூழ். பிறகு சட்டையில்லாமல் கொல்லையில் கோழி துரத்தல். அந்த வெயிலின் சூடு இப்போதும் என் முதுகில் இருக்கிறது. அம்மா மட்டும் கதவுக்கு உள்ளேயே நின்றாள். பக்கத்து மாடியிலிருந்து கொல்லை தெரியும். கையைப் பிடித்து இழுப்பேன்.

"நீ வெளையாடுடி. நான் இங்கருந்தே பாக்கறேன்."

கால் நேரானது. கத்தி வேண்டாமென்று டாக்டரம்மா சொன்ன அன்று அத்தா கடையில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். நான் பள்ளிக்கு ஓடியே போனேன்.

அம்மாவுக்கு வயதான பிறகு, படியில் லேசாகச் சறுக்கியதற்கே தொடை எலும்பு முறிந்தது. சீட்டில் அதே மருந்துகளைத்தான் எழுதினார்கள்: கால்சியம், மீனெண்ணெயில் இருக்கும் வைட்டமின் டி. அதே கொல்லையில் நாற்காலியைப் போட்டு அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தேன். அவள் துப்பட்டியை முகத்துக்கு இழுத்தாள்.

"யாராச்சும் பாக்கப் போறாங்கடி."

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து வருஷக்கணக்காகிறது. மாடியில் ஒரு காக்கை மட்டும் இருந்தது.

"பாக்கட்டும்மா" என்று துப்பட்டியை விலக்கினேன். அம்மாவின் முகத்தை வெயிலில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.